பழைய ஒலிவாங்கியும் பழுதுபார்க்கும் கையும்

இரண்டாங் கையாக விலைக்கு வரும் பொருள்கள் பெரும்பாலும் தம் குறையைத் தாமே சொல்லிவிடும். மிதிவண்டியின் துரு கண்ணுக்குத் தெரியும். தையற் பொறியின் தேய்வு கைக்குத் தெரியும். நாற்காலியின் ஆட்டம் உட்கார்ந்தவுடன் புலனாகும். ஒலிவாங்கி அப்படியன்று. மேலே மினுங்கும் பூச்சும், அழகிய கம்பி வலையும், செய்தவரின் முத்திரையும் குறைவின்றி இருக்க, உள்ளே அதன் உயிர் போயிருக்கலாம். நசுங்கியும் கீறுண்டும் கிடக்கும் மற்றொன்று, வடத்தைச் செருகியதும் புதிது போலப் பேசலாம். கலையகங்களில் கழிக்கப்பட்டும், ஒலிப்பதிவுத் தொழிலை விட்டவர்களால் விற்கப்பட்டும் கைமாறி வரும் இக்கருவிகளை வாங்குவோர் இன்று பல நாடுகளிலும் இருக்கின்றனர். வாங்கிய சில நாளிலேயே அவர்கள்முன் ஒரு வினா எழுகிறது. கரகரக்கும் இக்கருவியைத் தாமே திறந்து பார்ப்பதா, கூலி கொடுத்து வல்லவரிடம் ஒப்படைப்பதா?

இவ்வினாவைப் பலரும் பணப்பையை வைத்தே தீர்த்துக் கொள்கின்றனர். கருவிக்குக் கொடுத்த விலையையும் கேட்கப்படும் கூலியையும் ஒப்பிட்டு, கூலி மிகுதியெனத் தோன்றினால் திருகாணி முடுக்கியைக் கையில் எடுக்கின்றனர். இது பிழையான அளவுகோல். விலை மிகுந்த ஒலிவாங்கியிலும் ஒரு சிறுவன் திருத்தக்கூடிய பழுது உண்டு; மலிந்த ஒலிவாங்கியிலும் கைதேர்ந்தவன் தொட அஞ்சும் இடம் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது, பழுது கருவியின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே. அந்த இடத்தை அறியாமல் திறந்தவனும் இழக்கிறான். அறியாமல் கூலி கொடுத்தவனும் இழக்கிறான்.

ஒலிவாங்கி எதுவாயினும் அதன் வேலை ஒன்றுதான். காற்றின் அதிர்வை ஒரு மெல்லிய தகடு ஏற்கிறது. அத்தகட்டின் அசைவு மின்னாக மாறுகிறது. மாறும் வழியில்தான் மூன்று குலங்கள் பிரிகின்றன. சுருட்கம்பி வகையில், மென்தகட்டின் அடியில் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்னைப் பிறப்பிக்கிறது. நாடா வகையில், மடிப்பு மடிப்பாக நெளித்த அலுமினிய நாடா ஒன்றே தகடாகவும் கம்பியாகவும் நிற்கிறது. கண்டென்சர் வகையில், பொன் பூசிய மென்படலம் ஒரு பித்தளைத் தட்டின் முன், தலைமயிரினும் ஒடுங்கிய இடைவெளி விட்டு நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். படலம் அசையுந்தோறும் அவ்விரண்டிற்குமிடையே நின்ற மின்னேற்றத்தின் அழுத்தம் ஏறி இறங்கும். ஒலியை ஏற்கும் இத்தலைப்பாகத்தைத் தொழில் தெரிந்தோர் கப்சூல் என்பர். கப்சூல் ஒரு பொருள். அதைச் சுற்றியுள்ள வடம், செருகி, மின்சுற்று, மின்மாற்றி, உடற்குழாய் எல்லாம் வேறொரு பொருள். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே பல இழப்புகளுக்குக் காரணம்.

பழுது என்று கருதப்படுவதிற் பெரும் பகுதி ஒலிவாங்கியிலேயே இருப்பதில்லை. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று ஊசிச் செருகியில், முதலாம் ஊசி மறைப்புக் கம்பிக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒலி செல்லும் இரு கம்பிகளுக்கும் உரியவை. மறைப்பு அறுந்தால் மின்சாரத்தின் 'ஊம்' என்ற இரைச்சல் உட்புகும். ஒலிக்கம்பிகளுள் ஒன்று அறுந்தால் குரல் மெலிந்து, கீழ்ச்சுருதி அற்று, தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். இதைக் கேட்டவர் கப்சூல் செத்துவிட்டதென்று முடிவு கட்டுவது வழக்கம். வடத்தை மாற்றிப் பார்த்தால் குரல் தன் உருவத்தை மீண்டும் பெற்றுவிடும். ஆதலால் முதற் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை. நன்றென்று அறிந்த வடம் ஒன்று, நன்றென்று அறிந்த வேறோர் ஒலிவாங்கி ஒன்று, காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் ஒன்று, அமைதியான அறை ஒன்று, இவை போதும். இரண்டு ஒலிவாங்கிகளையும் அருகருகே நிறுத்தி, ஒரே தூரத்தில் ஒரே வாக்கியத்தைப் பேசிக் கேட்க வேண்டும். கேட்டதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். குறைந்த ஒலியா, இரைச்சலா, இடைவிட்ட கரகரப்பா, ஒரு பக்கம் மாத்திரம் ஊமையா? காலையில் இல்லாத சத்தம் மழை பெய்த மாலையில் வருகிறதா? வடத்தை அசைக்கும்போது மட்டும் வருகிறதா? இவ்வளவும் எழுதி முடியுமுன் ஒரு திருகாணியையும் தொடாதவன் பாதிப் பழுதைப் பார்த்துவிட்டவனாவான். பின்னர் கூலிக்கு விடினும் அத்தாள் பயன்படும்.

சுருட்கம்பி வகை சாமானியனின் கைக்கு மிக இணக்கமானது. சிக்காகோவில் தொடங்கிய ஷூர் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.எம். 58 என்னும் ஒலிவாங்கியை நேயர்கள் பலர் மேடைகளிற் கண்டிருப்பர். உருண்டை வலைத்தலை உடையது அது. அதன் தலைவலையைத் திருகிக் கழற்றலாம். உள்ளே ஒட்டிய பஞ்சு, பல பாடகர்களின் எச்சிலும் தூசியும் ஏறி அடைத்திருக்கும். வலையைத் தனியே எடுத்து நீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டினால், மங்கிய குரல் தெளிவதுண்டு. கப்சூலே பழுதானாலும் அதற்கென நிறுவனம் செய்த மாற்றுறுப்பு விலைக்குக் கிடைக்கிறது. பழையதைப் பிணைக்கும் இரண்டு மெல்லிய கம்பிகளை விடுவித்து, புதியதன் கம்பிகளுக்கு ஈயப்பற்று வைத்தால் வேலை முடிந்தது. பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் இது அரை மணி நேர வேலை. இதற்குக் கூலி கொடுப்பது வீண்செலவென்றே சொல்லலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவ்வொலிவாங்கிக்குப் போலிகள் மிகுதி. போலியின் உடலில் நல்ல கப்சூலைப் பொருத்திப் பணத்தைப் போக்கடிப்பதிலும் பார்க்க, வாங்குமுன் உண்மையானதொன்றின் அருகே வைத்துக் கேட்பது நலம்.

கண்டென்சர் வகைக்கு வரும்போதுதான் வினா உண்மையிலே கடினமாகிறது. பேர்லின் நகரில் 1928இல் தொடங்கப்பட்ட நொய்மன் நிறுவனம் 1967இல் வெளியிட்ட யூ 87 என்னும் ஒலிவாங்கி, உலகின் கலையகங்களில் மிகப் பரவிய பெருங்கருவிகளுள் ஒன்று. வானொலி நாடகம், செய்தி, பாட்டு என்று எதற்கும் இசைந்தது. 1986இல் அதன் உட்சுற்று மாற்றப்பட்டுப் புதுவடிவம் வந்தது. இரண்டாங் கையாக வருவனவற்றுள் அதற்கு முந்தியவையும் உண்டு. அவற்றில் 22.5 வோல்ற்று மின்கலங்கள் இரண்டு வைக்க ஓர் அறை இருக்கிறது. 48 வோல்ற்று மின்னூட்டம் கிடைக்காத இடத்தில் மின்கலத்தாலேயே இயக்குவதற்காக அவ்வறை. அதனுள் மறந்துவிடப்பட்ட மின்கலம் கசிந்து, தொடுமுனைகளை அரித்திருப்பதுண்டு.

அந்த 48 வோல்ற்றுக்கும் ஒரு கதை உண்டு. ஒலி வரும் அதே வடத்தின் வழியாகவே மின்னையும் அனுப்பும் முறை அது. தனிக் கம்பி எதுவும் கண்ணிற்படாததால், ஆவி என்னும் பொருளில் 'பான்டம்' என்று பெயர் பெற்றது. 1966இல் நோர்வே நாட்டு வானொலிக்காக நொய்மன் நிறுவனம் அதை அமைத்தபோது, அவ்வானொலியின் கலையகங்களில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ற்று மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். பனிநாட்டுக் கலையகமொன்றின் விளக்கு மின்சாரம் இன்று எந்த நாட்டு ஒலிப்பதிவு மேசையிலும் ஓடுகிறது. இம்மின்னூட்டம் உயிருக்கு ஊறு செய்யும் அளவினதன்று. மேசையிலுள்ள தடைகள் மின்னோட்டத்தைச் சில மில்லியம்பியருக்குள் அடக்கி விடுகின்றன. எனவே யூ 87 போன்ற கருவியைத் திறப்பவனுக்குத் தன் உயிரைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. கருவியின் உயிரைப் பற்றித்தான் அஞ்ச வேண்டும்.

அடிவளையத்தைத் திருகி எடுத்தால் உடற்குழாய் வழுகிக் கழன்று வரும். சுற்று முழுவதும் கண்முன் நிற்கும். சாமானியன் செய்யத்தக்க வேலைகள் அங்கே சில உண்டு. செருகியின் ஊசிகளைத் துடைப்பது, அசைந்த கம்பியை மீண்டும் பற்றவைப்பது, மின்கல அறையின் அரிப்பை நீக்குவது, ஒலிக்கோலத்தை மாற்றும் ஆளியின் தொடுமுனைகளைத் தூய்மை செய்வது ஆகியவை அவை. ஆண்டுகள் பல கழிந்த கருவியில் மின்னைத் தேக்கும் சிறு கண்டென்சர்கள் வலுவிழந்திருக்கலாம். சுற்றுப்படத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவற்றை மாற்றலாம். ஆனால் 'பழைய கருவி என்றால் கண்டென்சர் அனைத்தையும் மாற்றிவிடு' என்று சிலர் வேதவாக்குப் போலச் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. அளந்து பார்த்து, கெட்டதை மாத்திரம் மாற்றுவதே முறை. கெடாத உறுப்பைக் கழற்றும்போது கெடாத பலகையைச் சூட்டால் கெடுத்தவர்கள் பலர்.

அங்கேயே தொடக்கூடாத இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, திரான்சிஸ்ரரின் நிலையைச் சீர்செய்யும் சிறு சுழல்தடை. திருகாணி முடுக்கிக்கென்றே செய்து வைத்தது போலத் தோன்றும் அது, 'என்னைச் சற்றுத் திருப்பு' என்று அழைக்கும். அலைவுகாட்டியும் அளவிட்ட ஒலிச் சமிக்ஞையும் இல்லாமல் அதைத் திருப்பியவர், பழைய இடத்துக்கு அதை மீண்டும் கொண்டுவர இயலாது. உரத்த குரலில் மட்டும் சிதைவு கேட்கும். காரணம் விளங்காமல் மாதக் கணக்கில் அலைவர்.

மற்றது கப்சூலை ஒட்டிய பகுதி. கண்டென்சர் கப்சூல் தரும் மின் மிகமிக நுண்ணியது. அது வேறு வழியால் ஒழுகிவிடாதிருக்க, நூறு கோடி ஓம் அளவான தடைகளை அதன் வாசலில் வைத்திருப்பர். விரல்பட்ட எண்ணெய்ப்பசை, பற்றவைத்தபோது தெறித்த மெழுகு, ஈரம் படிந்த தூசு ஆகியவற்றுள் எதுவும் அந்த நூறு கோடி ஓமைக் கடந்து மின் ஒழுகுதற்குப் போதிய பாலமாகிவிடும். அப்போது பிறப்பதுதான் அப்பளம் பொரிவது போன்ற பொரிவுச் சத்தம். கடற்கரை ஊர்களில், மழைமாதங்களில், இச்சத்தம் கேட்டவுடன் கருவி கெட்டதென்று கொள்ளலாகாது. சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சிப் பைகளோடு ஒலிவாங்கியை இறுக மூடிய பெட்டியில் ஓரிரு நாள் வைத்துப் பின் கேட்க வேண்டும். சத்தம் ஒழிந்திருந்தால், நோயும் தெரிந்தது, பாதி மருந்தும் தெரிந்தது. மிகுதி மருந்து, காப்புப் பகுதிகளைத் தூய ஐசோபுரோப்பைல் அற்ககோலால், கையுறை அணிந்து, மெல்லத் துடைப்பதாகும். அதுவும் கம்பிகள் நிற்கும் காப்பு முனைகளையே. பொன் பூசிய படலத்தை அன்று.

படலத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். யூ 87இன் படலம் 6 மைக்ரோன் அளவான தடிப்புடைய மைலார்த் தாள்; ஆயிரம் மைக்ரோன் சேர்ந்தது ஒரு மில்லிமீற்றர். அதன்மேற் பூசிய பொன்னின் தடிப்போ அதிலும் மிகச் சிறிது. பல ஆண்டுப் புகையும் எச்சிலும் படிந்து அது மங்கியிருப்பதைக் கண்டவுடன், பஞ்சை நனைத்துத் துடைக்கக் கை துடிக்கும். துடைத்த பஞ்சிலே பொன் ஒட்டி வந்துவிடும். ஊதித் தூசி அகற்றுவோமென்று வாயால் ஊதினால், நீர்த்துளி தெறித்துப் புதுக்கறை சேரும். அழுத்தக் காற்றைப் பாய்ச்சினால் படலம் பின்தட்டில் ஒட்டிவிடும், அல்லது கிழியும். வல்லுநர் சிலர் வடித்த நீரும் மென்றூரிகையும் கொண்டு இதைச் செய்கின்றனர் என்பது உண்மை. அவர்கள் அக்கலையைக் கற்றது பயனற்ற கப்சூல்கள் பலவற்றின்மேல். ஒன்றே ஒன்றை உடையவன் அதன்மேற் கற்கலாகாது.

இழப்பு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு யூ 47 என்னும் ஒலிவாங்கியின் வரலாறே சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல், நொய்மன் நிறுவனம் அதை வெளிக்கொணர்ந்தது. அதன் உயிர்நிலைகள் இரண்டு. ரெலிபுங்கன் நிறுவனம் செய்த வீ.எவ். 14 என்னும் வால்வு ஒன்று; எம் 7 என்னும் கப்சூல் மற்றொன்று. வால்வின் இழைக்கு 55 வோல்ற்று என்பது கணக்கு. ஆயினும் ஒலிவாங்கியில் இரைச்சல் குறையவேண்டி அதை ஏறத்தாழ 36 வோல்ற்றிலேயே எரித்தார்கள். அவ்வால்வைச் செய்வது 1950களின் பிற்பகுதியிலே நின்றுவிட்டது. ஒலிவாங்கியைச் செய்வதும் 1965 அளவில் முடிவுற்றது. இருந்த வால்வுகள் ஒவ்வொன்றாக அணைய, மாற்றாக நுவிஸ்ரர் என்னும் சிறு உலோக வால்வை நிறுவனமே தந்தது. மூலவால்வோடு கூடிய யூ 47 இன்று அரும்பொருள். சோதனைக்கென்று அவ்வால்வைக் கழற்றி மாட்டும்போது கைதவறினால், அந்த இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

கப்சூலின் கதை இன்னும் நுணுக்கமானது. எம் 7இன் படலம் மைலார் அன்று, பீ.வீ.சீ. என்னும் பொருளாலானது, பின்தட்டின் விளிம்பில் ஒட்டப்பட்டது. பீ.வீ.சீ. வளைந்து கொடுப்பது அதனுட் கலந்த நெகிழ்பொருளால். ஆண்டுகள் செல்ல அந்நெகிழ்பொருள் நீங்கிப் படலம் விறைத்து நொறுங்கும்; மேலேயுள்ள பொன் வெடிக்கும். போதாக்குறைக்கு, யூ 47இன் மின்சுற்று தன் உடலுக்குள்ளேயே நான்கு வாற்றளவான வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் அறிந்து 1950களின் இறுதியில் மைலார்ப் படலத்தை வளையமிட்டுத் திருகாணிகளால் இறுக்கும் புதிய கப்சூலை நிறுவனம் கொண்டுவந்தது. ஆனால் எம் 7 மறையவில்லை. அதற்குக் காரணம் போர். பேர்லின் மேல் குண்டு விழுந்தபோது, 1943இல், நொய்மன் தொழிற்சாலை துரிங்கியாப் பகுதியிலுள்ள கெஃபெல் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. போர் முடிந்து ஜேர்மனி பிளவுபட, நொய்மன் மேற்குப் பேர்லினில் மீண்டும் தொழில் தொடங்கினார்; கெஃபெல் ஆலை கிழக்குப் பாகத்தில் தங்கிவிட்டது. அங்கிருந்தவர்கள் பழைய முறையிலேயே எம் 7 கப்சூலைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து செய்து வந்தார்கள். மேற்கில் ஒருவர் நாட்டின் பிளவை நொந்துகொண்டிருக்க, அப்பிளவே ஒரு கைத்தொழிலைக் காத்தது. படலம் நொறுங்கிய கப்சூலின் பின்தட்டைக் கெடுக்காமல் வைத்திருந்தால், அதன்மேற் புதுப்படலம் போடவும் இயலும். கெடுக்காமல் என்பதே இங்கு உயிரான சொல். பழைய படலத்தைக் கத்தியாற் சுரண்டியவனின் பின்தட்டு கீறுண்டுவிடும். அதன்பின் வல்லவன் கைக்கும் வேலையில்லை.

வால்வு ஒலிவாங்கிகளைப் பற்றிச் சொல்லும்போது மற்றோர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். இவற்றுக்குத் தனி மின்வழங்கிப் பெட்டி உண்டு. யூ 47இற்கு 105 வோல்ற்று. 1960இல் வந்த யூ 67இற்கு 200 வோல்ற்றையும் கடந்த மின்னழுத்தம். சுவரிலுள்ள 230 வோல்ற்றும் அப்பெட்டிக்குள்ளே வருகிறது. வடத்தைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கண்டென்சர்கள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். மின்னேற்றத்தை முறைப்படி இறக்கவும், இறங்கியதை மல்ரிமீற்றரால் அளந்து உறுதி செய்யவும் பழகாதவர் அப்பெட்டியின் மூடியைக் கழற்றாமலிருப்பதே தகும். இங்கே கூலி மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாடா ஒலிவாங்கி சுருக்கமாகச் சொல்லி முடிக்கத்தக்கது. ஏனெனில் அதில் சாமானியன் செய்யக்கூடியது சிறிதே. 1950களில் பி.பி.சி. பொறியியலாளர் வகுத்து, ஸ்ரான்டர்ட் ரெலிபோன்ஸ் நிறுவனம் செய்து, பின்னர் கோல்ஸ் நிறுவனம் கைக்கொண்ட 4038 என்ற ஒலிவாங்கி இக்குலத்தில் புகழ்பெற்றது. அதன் அலுமினிய நாடா ஒரு மைக்ரோனையும் எட்டாத தடிப்புடையது. மூச்சுப் பட்டால் பறக்கும். வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்குகிறது. இரும்பு முடுக்கியை அருகே கொண்டு சென்றால் காந்தம் அதைக் கையிலிருந்து பறித்து நாடாவின் மேல் அறையும். அரம் போட்ட மேசையில் வைத்தால் இரும்புத் தூள் கண்ணறியாது ஏறி, இடைவெளியில் நின்று உராயும். விரல்நுனியால் தட்டிப் பார்ப்பதும், வாயால் ஊதிப் பார்ப்பதும் நாடாவை இழுத்துத் தளர்த்தும். நல்ல வடத்தின் வழியே 48 வோல்ற்று சென்றாற் கேடு நேர்வதில்லை. வடத்தில் ஒரு கம்பி மறைப்போடு முட்டியிருந்தால், அதே மின்னூட்டம் மின்மாற்றி வழியாக நாடாவைத் துடிக்கச் செய்து கெடுத்துவிடும். ஆகவே வாங்கியவன் செய்யத்தக்கவை வடத்தைச் சோதிப்பது, செருகியைத் திருத்துவது, வேலை செய்யாத வேளையில் உறையிட்டு நிமிர்த்தி வைப்பது. ஒலி குறைந்து கீழ்ச்சுருதி குழம்பினால், நாடா தொய்ந்ததென்று கொண்டு, நாடா மாற்றும் தொழிலுடையவரிடம் அனுப்ப வேண்டியதே. நாடாவை வெட்டி, பற்சக்கரங்களுக்கு நடுவே செலுத்தி நெளித்து, உரிய இழுவிசையில் கட்டி, பின் அளந்து பார்க்கும் அவ்வேலைக்குக் கேட்கும் கூலி பெரும்பாலும் நியாயமானதே.

கூலி என்பது எதன் விலை என்று சிந்தித்தால் மனத்தாங்கல் சற்றுக் குறையும். மாற்றிய உறுப்பு சில ரூபாய் பெறுமதியானதாயிருக்க, கூலி அதன் பன்மடங்காக வருவதைக் கண்டு வாங்கியவர் சினப்பதுண்டு. அவர் விலை கொடுப்பது உறுப்புக்கன்று. தூசியற்ற மேசைக்கும், அளவு கருவிக்கும், இரைச்சல் எந்தச் சுருதியில் எழுகிறதென்று கேட்டவுடன் தடை கெட்டதா திரான்சிஸ்ரர் கெட்டதா என்று பிரித்தறியும் காதுக்கும் அவ்விலை. அக்காது இல்லாத பழுதுபார்ப்பவரும் இல்லாமலில்லை. எந்தப் பழுதென்று சொல்லாமலே 'எல்லாவற்றையும் புதுப்பித்து விடுவோம்' என்பவரிடம், முன்பு எத்தகைய ஒலிவாங்கிகளைத் திருத்தினார், எதனால் அளப்பார், திருத்திய பின் அளவுத்தாள் தருவாரா என்று கேட்பது அவமரியாதையன்று. நல்ல தொழிலாளி அக்கேள்விகளை விரும்புவான். பழுதை ஆராய்வதற்கு மட்டும் தனிக்கூலி பெற்று, பின்னர் செலவைச் சொல்லி உடமையாளரின் சம்மதம் கேட்கும் முறையைக் கைக்கொள்பவர் நம்பத்தக்கவர்.

இத்தீவு போன்ற இடங்களிலிருந்து பெருங்கருவிகளைக் கடல்கடந்து அனுப்ப நேரும்போது கணக்கு வேறுபடுகிறது. கூலியோடு கப்பற்கூலி அல்லது விமானக் கூலியும், காப்புறுதியும், சுங்கப் பத்திரங்களும் சேர்கின்றன. பழுதுபார்த்துத் திரும்ப வரும் பொருள் என்று போகும்போதே சுங்கத்திற் பதிந்து வைக்காதவர், வரும்போது புதுப்பொருளுக்குரிய தீர்வையைப் பற்றி வாதாட நேரும். ஆகையால் ஒரு முறை அனுப்புவதில் இயன்ற அனைத்தையும் முடித்துக்கொள்ளுதல் சிக்கனம். வடம், செருகி, அரிப்பு, ஈரம் என்ற வெளிப்பழுதுகளை வீட்டிலேயே தீர்த்து, எஞ்சிய குறை கப்சூலுக்கோ உட்சுற்றின் ஆழத்துக்கோ உரியதென்று தெளிந்த பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும். அவ்வாறு கட்டும்போது, திறந்து பார்த்ததும் மாற்றியதும் எவையென்று ஒளியாமல் எழுதி உள்ளே வைக்க வேண்டும். முதலில் எழுதிய அந்தக் குறிப்புத் தாளும் உடன் செல்லட்டும். மறைத்து அனுப்பினால், ஏற்கெனவே கைப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே பழுதுபார்ப்பவரின் நேரம் செலவாகும். அந்நேரத்திற்கும் விலை உண்டு.

பெட்டிக்குள் ஒலிவாங்கி அசையாதிருக்க வேண்டும். நாடா வகையாயின் பெட்டியின் வெளியே மேல்பக்கம் எதுவென்று பெரிதாகக் குறித்து நிமிர்ந்தபடியே செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். மின்கல அறையில் மின்கலம் இருக்கக் கூடாது. ஈரமுறிஞ்சிப் பை ஒன்று உள்ளே இருக்க வேண்டும். கடிதத்தில் ஒரு வேண்டுகோளையும் மறவாமற் சேர்க்க வேண்டும். கப்சூலை மாற்ற நேரிட்டால் பழையதை எறியாமல் கருவியோடு திருப்பி அனுப்புமாறு கேட்பதே அது. படலம் போனாலும் அதன் பின்தட்டு இருக்கிறது. புதுப்படலம் போடுபவர் ஒருவரைப் பின்னொரு காலத்தில் கண்டால், இயந்திரமிட்டுத் துளைத்த அந்தப் பித்தளைத் தட்டைத்தான் அவர் முதலிற் கேட்பார்.